ஏழ்கடல் ஏகாம்பரத்தின் மறைவும் தோற்றமும்

எழுத்தாளர் ஏழ்கடல் ஏகாம்பரம் காலையில் செத்துப்போய், சாயங்காலம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். இறங்கினார் என்றதும் பஸ்ஸிலிருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சுவரிலிருந்து இறங்கினார், பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைத்து இறங்கினார், அதுவும் இடுப்புக்குக் கீழே ஒட்டுத்துணி இல்லாமல் இறங்கினார், ஏனென்றால் போஸ்டரில் இருந்த போட்டோ மார்பு வரைக்கும்தான். கட்டம் போட்ட சட்டை, சட்டைப்பையில் பேனா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எல்லாம் போட்டோவில் உள்ளபடி திருத்தமாக இருந்தது. போட்டோவில் இல்லாத பாகத்துக்கு என்ன உடுத்துவது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. சுவரை ஒட்டிக் காராச்சேவுக் கடை வைத்திருக்கும் கனி அண்ணாச்சி, கொதிக்கிற எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே தோளில் கிடந்த துண்டை உருவி நீட்டி, "மொதல்ல இதைக் கட்டுங்க, பொம்பளைப் பிள்ளைக பஸ்ஸுக்கு நிக்குது" என்றார்.

அதே நேரத்தில் வடக்குத் தெருவில் ஏகாம்பரத்தின் வீட்டில், ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள், பெட்டிக்குள் மாலை மட்டும் கிடப்பதைப் பார்த்து அழுகையைப் பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். அவர் எங்கே என்று அவருடைய மனைவி பாக்கியத்தாயிடம் கேட்டதற்கு, "எங்கிட்ட எதுக்குக் கேக்கீக? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சதே கிடையாது" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மனுஷன் பகலெல்லாம் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருப்பார், ஆனால் ஆள் இருப்பதென்னவோ எழுதுகிற கதைக்குள், ஏழாவது கடலில், பறக்கும் ஆட்டின் முதுகில். சோறு போட்டு, குழம்பு போதுமா என்று கேட்டால், "மேற்கே திருப்பு" என்பார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மாரீஸ்வரிதான் காரணம். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாரீஸ்வரி ஜெபராஜ் ஆப்செட்டில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சி நோட்டீஸ், சாவு போஸ்டர் எதுவானாலும் அவள் விரல் பட்டுத்தான் வெளியே வரும். அன்றைக்குக் காலையில் முதலாளி ஜெபராஜ் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக, "மாரீசு, ஏழ்கடல் போயிட்டாராம். வாசகர் வட்டத்துக்காரங்க போஸ்டர் கேக்காங்க, மத்தியானத்துக்குள்ள ஒட்டணுமாம்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். மாரீஸ்வரி அழுதுகொண்டே அடித்தாள். தகப்பன் செத்ததற்குக்கூட அவள் அப்படி அழுததில்லை, அதற்கு அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவளுடைய தகப்பனைத் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கென்று ஒரு முறை இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, நடுவில் போட்டோ, போட்டோவுக்கு இடது பக்கம் தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதி, வலது பக்கம் மறைவு என்று போட்டுச் செத்த தேதி. பிறந்தான் செத்தான் என்று போட நம் ஆட்களுக்கு மனசு வராது, ஏதோ மந்திரவாதி மாதிரி ஒருநாள் தோன்றினான், ஒருநாள் மறைந்தான் என்று போட்டால்தான் திருப்தி. கண்ணீர் மறைத்த கண்ணோடு மாரீஸ்வரி, தேதிகளைச் சரியாகப் போட்டுவிட்டு, இடது பக்கம் மறைவையும் வலது பக்கம் தோற்றத்தையும் அடித்துவிட்டாள். ஜெபராஜ் பிழை பார்த்தார், அதாவது போட்டோவைப் பார்த்தார். ஒட்டியவன் போட்டோவைப் பார்த்தான். ஊரும் போட்டோவைத்தான் பார்த்தது, சாவு போஸ்டரில் போட்டோவைத் தவிர எதையாவது படித்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். ஆக, பிறந்த அன்றே மறைந்துபோன ஏகாம்பரம், இன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறார் என்று ஊர் முழுக்கச் சுவரில் எழுதி ஒட்டியாகிவிட்டது. அச்சில் ஏறிவிட்டதை மீற முடியாமல் மனுஷனும் தோன்றிவிட்டார்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாரீஸ்வரி, போஸ்டரைப் படித்தாள். போஸ்டருக்குக் கீழே பெஞ்சில், துண்டு போய் வேட்டிக்கு வந்திருந்த ஏகாம்பரம் காராச்சேவைக் கடித்துக்கொண்டு, "இது பிரமாதமா இருக்கே, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"சாத்தூர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கீகளே" என்றார் கனி அண்ணாச்சி.

"நான் நேத்துத்தான் வந்தேன்" என்றார் ஏகாம்பரம்.

மாரீஸ்வரி போஸ்டரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் தப்பு என்று தெரிந்தது, சிரிப்பு வந்தது, ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. கடைசியில், "நல்லா இருக்கீகளா ஐயா" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கும் அவருக்கும் உள்ள உறவு காராச்சேவு உறவு. சின்னப் பிள்ளையில் அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தித் தீப்பெட்டி ஆபீஸுக்கு லேபிள் ஒட்ட அனுப்பியபோது அவளுக்குத் தெரிந்த எழுத்துகளைக் கைவிரலில் அடக்கிவிடலாம். ஒருநாள் காராச்சேவு கட்டிக் கொடுத்த தாளில், இறக்கை முளைத்த ஆட்டுப்படம் ஒன்று இருந்தது, படத்துக்குக் கீழே இரண்டு எழுத்து. படம் ஆடு, எனவே இரண்டெழுத்தும் ஆடுதான், அப்படித்தான் அவளுக்கு 'ஆ' கிடைத்தது. மேலே இருந்த பறக்கும் என்ற சொல்லிலிருந்து 'ற' கிடைத்தது. ஆட்டின் மேல் உட்கார்ந்து ஏழு கடலையும் தாண்டுகிற உப்பளக்காரன் மகள் உப்பழகியிடமிருந்து 'ழ' கிடைத்தது, அதை வாங்குவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பக்கம் முடியும் இடத்தில் கதை அறுந்து தொங்கும். அடுத்த பக்கத்துக்காக மறுபடி காராச்சேவு வாங்குவாள், வேறு எதுவோ வரும், அப்போது இளந்தாரியாக இருந்த கனி அண்ணாச்சி பழைய பேப்பர் கட்டைக் கலைத்து ஆட்டுப்படம் போட்ட தாளாகத் தேடி அதில் கட்டிக் கொடுப்பார். அடுத்த பக்கம் கிடைக்கிறவரைக்கும் என்ன நடந்திருக்கும் என்று லேபிள் ஒட்டிக்கொண்டே அவளாக யோசித்து வைத்துக்கொள்வாள். அப்படித்தான் அவளுக்குப் படிப்பு வந்தது, கூடவே தீராத நெஞ்செரிச்சலும் வந்தது. மெட்ராஸில் இருக்கும் பெரிய எழுத்தாளர்கள் ஏகாம்பரத்தை எழுத்தாளர் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மாரீஸ்வரியோ வேறு யாரையும் சேர்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், அலமாரியிலிருந்து அவருடைய புத்தகம் ஒன்றை உருவித் திறந்தாள். வெள்ளையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் வெள்ளை. அட்டையில் ஆடு இல்லை, உப்பழகி இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது. பிறந்த அன்றே மறைந்துபோனவர் நடுவில் எப்படி எழுதியிருக்க முடியும், நியாயம்தானே. அவர் வேலை பார்த்த அலுவலகத்திலும் அவர் செய்த வேலை மொத்தமும் காணாமல் போயிருந்தது, ஆனால் அங்கே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நல்லவேளை அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை, இருந்திருந்தால் அதுகள் கதி என்ன ஆகியிருக்கும் என்று ஊர் யோசிக்கப் பயந்து யோசிக்காமல் விட்டுவிட்டது.

மற்றபடி ஊர் இதற்கு வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. வாடகைப் புத்தகக் கடைக்காரர் வெள்ளைப் புத்தகங்களை ரஃப் நோட்டு என்று டியூஷன் பிள்ளைகளுக்கு விற்றுக் காலி பண்ணினார். அச்சடித்த தாளில் பலகாரம் கட்டக் கூடாது என்று கனி அண்ணாச்சியிடம் மாதாமாதம் வந்து சண்டை போடும் அதிகாரி, கடையில் வெள்ளைவெளேரென்ற தாள் கட்டுக்கட்டாக இருப்பதைப் பார்த்து அசந்துபோய், கால் கிலோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார். ஊரெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டர்களை மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு ஆடுகள் கடித்து இழுத்துத் தின்றுவிட்டன, கனி அண்ணாச்சி கடைச் சுவரில் இருந்தது மட்டும்தான் மிச்சம். அதையும் ஒரு கிடா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பாக்கியத்தாய்க்குத்தான் யோகம். வீட்டுக்கு வந்த ஏகாம்பரம், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "இதைக் கேக்க இவ்வளவு காலமாச்சாக்கும்" என்று அவள் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவர் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். இன்றைக்கு என்ன நடந்தது என்று அவளைக் கேட்டார், அவள் சொன்னாள், "அப்புறம்?" என்றார், அவள் அதற்கு மேலும் சொன்னாள். பூவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்ட சொந்தக்காரிகளிடம், "புதுசா ஒருத்தரு வந்திருக்காரு, வச்சா என்ன தப்பு" என்று வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு குறைதான். வெளியே கிளம்பும்போது மனுஷன், "போறேன்" என்பார், அவள் பதறிப்போய், "அப்படிச் சொல்லாதீக, போயிட்டு வாரேன்னு சொல்லணும்" என்பாள். புதிதாக வந்தவருக்கு அந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியும், மறுநாளும் "போறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

வாசகர் வட்டம் இரங்கல் கூட்டத்துக்கு மண்டபம் பிடித்து மைக் செட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, செத்தவர் வந்துவிட்டார் என்பதற்காகக் கூட்டத்தை நிறுத்த முடியுமா, எனவே கூட்டம் நடந்தது. ஏகாம்பரத்தை முன்வரிசையில் உட்காரவைத்துக் கையில் மிக்சர் தட்டைக் கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று அவரைப் பார்த்தே சொல்லி அழுதார்கள், அவரும் பாவம் யாரோ என்று தலையை ஆட்டினார். புத்தகம் வெள்ளையாகிவிட்டதால் கதைகளை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அங்கேதான் வம்பு வந்தது. ஆட்டுக்கு அடிபட்டது இடது இறக்கையிலா வலது இறக்கையிலா என்று இரண்டு கோஷ்டி சட்டையைப் பிடித்துக்கொண்டது. கடைசியில், "மாரீசைக் கூப்பிடுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்று ஜெபராஜ் அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்.

மாரீஸ்வரி கடைசியாக வந்த கதையைச் சொன்னாள். கொட்டாவி அரக்கன் என்று ஒருத்தன், அவன் கொட்டாவி விட்டால் எதிரே இருப்பவர்கள் சொல்லவந்ததை மறந்துபோவார்கள். ஊர் ஊராக மறக்கடித்துக்கொண்டு வந்தவனை எதிர்த்து உப்பழகி ஆட்டின் மேல் ஏறிப் போகிறாள், அவன் கொட்டாவி விட வாயைத் திறக்கிறான், காற்று இழுக்கிறது, ஆடு வெளியே தெறித்து விழுகிறது, அவள் மட்டும் உள்ளே. கீழ்ப்பல்லில் ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாய் மூடத் தொடங்குகிறது.

"அப்புறம்?" என்றார் ஏகாம்பரம். மிக்சர் தட்டு மடியில் சாய்ந்து கிடந்தது.

"அம்புட்டுத்தான் ஐயா. மீதி அடுத்த மாசம்னு போட்டிருந்தது. அதுக்குள்ள எழுதினவரு செத்துட்டாரு."

ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். "ஒரு பொம்பளைப் பிள்ளைய அரக்கன் வாய்க்குள்ள நிறுத்தி வச்சுட்டு எவனாவது சாவானா? மனுசன்னா ஒரு பொறுப்பு வேண்டாம்? யாரு அவன்?"

"நீங்கதான் ஐயா" என்றார்கள்.

"நான் இல்ல. நான் இப்பத்தான் வந்தேன்."

கூட்டத்துக்கும் உள்ளுக்குள் அந்த ஆத்திரம் இருந்ததால் எல்லோரும் கை தட்டினார்கள். கதையைப் பாதியில் விட்டுச் செத்த ஏழ்கடல் ஏகாம்பரத்தை வன்மையாகக் கண்டித்து, அவரே முன்மொழிந்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதிலிருந்து ஏகாம்பரம் தினமும் ஆப்செட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாரீஸ்வரி டைப் அடித்துக்கொண்டே அவருடைய கதைகளை அவருக்குச் சொன்னாள். அவரும் சும்மா கேட்கிற ஆளில்லை. ஆடு பறக்குமா, அதை எவன் நம்புவான் என்பார். உப்பழகிக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்பார். அடுத்த நிமிஷம், "சரி, அப்புறம்?" என்பார். மாரீஸ்வரிக்கு அந்த நாட்கள் போதுமென்றிருந்தது. யாரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும் என்று லேபிள் ஒட்டிய காலத்திலிருந்து நினைத்திருந்தாளோ, அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து முடித்து எடுத்துக் கொடுத்தாள், ஜெபராஜ் அதிசயமாக அதைப் படித்துவிட்டு, "என்ன மாரீசு இது, திருமண அப்பித?" என்றார். மாரீஸ்வரி கீபோர்டைப் பார்த்தாள். 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிளறிய மாதிரி ஏதோ ஒரு கிறுக்கல் இருந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தவள் வாசலில் நின்று போர்டைப் படித்தாள், ஜெபராஜ் என்று இருந்தது, அதற்கப்புறம் ஒரு சுழி, அதற்கப்புறம் 'ப்செட்' என்று இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுதவில்லை என்றால் உப்பழகி இல்லை, உப்பழகி இல்லையென்றால் அவளுக்கு 'ழ' ஏது? ஆடு இல்லையென்றால் 'ஆ' ஏது? கொடுத்தவர் இல்லாமல் போனதால் கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது பறக்கும் என்ற சொல், அதிலுள்ள 'ற' போகும். அது போய்விட்டால் தோற்றம் என்றும் அடிக்க முடியாது, மறைவு என்றும் அடிக்க முடியாது, போஸ்டரைத் திருத்தவே முடியாது. இரண்டு துண்டுச் சீட்டு அடித்துச் சரியான இடத்தில் ஒட்டினால் எல்லாம் நேராகிவிடும் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் காராச்சேவு தின்றுகொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனை ஒரு சீட்டை ஒட்டிச் சாகடிப்பதா? அவரை இரண்டாம் தடவை பறிகொடுப்பதை நினைத்தாலே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜெபராஜ் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் ஏகாம்பரம் ஒரு வெள்ளைப் புத்தகத்தை, அதுவும் அவருடையதேதான், கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "தாயி, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடு. நீ சொல்லிக் கேக்குறது ஊட்டிவிடுற மாதிரி இருக்கு. நானே அள்ளித் திங்கணும்னு இருக்கு."

மாரீஸ்வரி 'அ' என்று எழுதிக் காட்டினாள். அடுத்ததை எழுதப் பேனாவை வைத்தாள். பேனா நின்றது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், போஸ்டர், தோற்றம், மறைவு, வெள்ளைப் புத்தகம், 'ழ', 'ஆ' எல்லாவற்றையும். ஏகாம்பரம் அதையும் கதை மாதிரியே கேட்டார், அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் "அப்புறம்?" என்றார்.

முடிந்ததும் தாடையைச் சொறிந்தார். "அப்ப நான் இருக்கணும்னா நீ படிக்க முடியாது."

"ஆமா ஐயா."

"நீ படிக்கலைன்னா எனக்குக் கதை சொல்ல ஆளில்ல."

"ஆமா."

"கதையே இல்லைன்னா நான் இங்க உக்காந்து காராச்சேவைத் தின்னு என்ன ஆகப்போகுது? நாளைக்கே ஒட்டிரு." இதில் தியாகம் கியாகம் என்று ஒன்றும் இல்லை, முழுக்க முழுக்கச் சுயநலம்தான், ஆனால் வாசகனுடைய சுயநலம், அதை மாரீஸ்வரியால் புரிந்துகொள்ள முடிந்தது. "ஆனா ஒண்ணு. அவ வாய்க்குள்ள இருந்து எப்படி வெளிய வந்தான்னு சொல்லாம ஒட்டக் கூடாது."

"எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்சவரு செத்துட்டாரு."

"தாள் கிழிஞ்சிருந்தப்பல்லாம் நீயாத்தானே யோசிச்சுக்கிட்ட? இப்பவும் யோசி."

மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தாள். 'ற' இன்னும் இருந்தது, ஆனால் வெயிலில் பார்க்கிற கானல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. தோற்றம் என்று ஒரு சீட்டும் மறைவு என்று ஒரு சீட்டும் அடித்து, பிரிண்ட் எடுத்து, இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்து மடித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் வீட்டுப் படியிறங்கும்போது திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றார். பாக்கியத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரி பசை வாளியோடு நிற்பதையும், கனி அண்ணாச்சியின் ஸ்டூல் போஸ்டருக்குக் கீழே போட்டிருப்பதையும், பெஞ்சில் இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"மொதத் தடவை சொல்லாமப் போனீக" என்றாள்.

"அதுக்குத்தானே இன்னிக்குச் சொல்லிட்டு வந்தேன்."

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இந்தக் கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டீக." கனி அண்ணாச்சி கடையில் சேவு கருகியது, அவர் கவனிக்கவில்லை. கிடா வந்து ஓரமாக நின்றது.

மாரீஸ்வரி ஸ்டூலில் ஏறினாள். சின்ன வயசில் ஒரு நாளைக்கு ஆயிரம் லேபிள் ஒட்டிய கை, சீட்டில் ஓரம் விடாமல் பசை தடவியது. இடது பக்கத்து மறைவின் மேல் தோற்றம் என்ற சீட்டை வைத்து, கோணல் இல்லாமல் அழுத்தினாள். பெஞ்சில் ஏகாம்பரத்தின் சட்டைக் கட்டங்கள் லேசாக வெளுத்தன.

"கதையைச் சொல்லிக்கிட்டே ஒட்டு" என்றார்.

"வாய் மூடுது" என்றாள் மாரீஸ்வரி, சுவரைப் பார்த்தபடியே. "உப்பழகிக்கு ஓட இடமில்ல. கத்திப் பிரயோசனமில்ல. அவ என்ன செஞ்சான்னா, அந்த வாய்க்குள்ள நின்னுக்கிட்டே அரக்கனுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சா. ஒரு ஊர்ல ஒரு ஆடு இருந்துச்சாம், அதுக்கு ஒருநாள் முதுகு அரிச்சதாம், பாத்தா இறக்கை முளைக்குதாம். அரக்கன் அப்படியே நிறுத்திட்டான். ஒருத்தன் கொட்டாவி விடணும், இல்ல கதை கேக்கணும், ரெண்டையும் செய்ய முடியாதுல்ல? ஆடு மலை உச்சிக்குப் போயி, கண்ணை மூடிக்கிட்டு, காலை எடுத்து முன்னால வச்சதாம்னு சொல்லிட்டு, உப்பழகி பேச்சை நிறுத்திட்டா."

"நிறுத்திட்டாளா?"

"நிறுத்திட்டா. நீங்க எப்பவும் கேக்கிற கேள்வியை இப்ப அரக்கன் கேட்டே ஆகணும். கேக்கணும்னா மொத எழுத்துக்கு வாயைப் பெருசாத் திறந்தே ஆகணும், ரெண்டாவது எழுத்துக்கு மூடியே ஆகணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கோ, அதுதான் அவளுக்கு உள்ள நேரம். வெளியே ஆடு காத்துக்கிட்டிருக்கு. அவ முழங்காலை மடக்கிக்கிட்டா, பல்லு மேல உன்னிக்கிட்டா." மாரீஸ்வரி மறைவு என்ற சீட்டை வலது பக்கத்துக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றாள்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஏகாம்பரம் முன்னால் குனிந்தார். வாயைத் திறந்தார்.

"அ" என்றார்.

மாரீஸ்வரி சீட்டை அழுத்தினாள்.

பெஞ்சில் பாக்கியத்தாய் மட்டும் இருந்தாள். சுடுகாட்டில் போய்க் கேட்டதற்கு, "அவரை அன்னிக்கே எரிச்சாச்சே" என்றார்கள், சாம்பல்கூட ஆறிப்போய் இருந்தது. பாக்கியத்தாய் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். சுற்றி நின்றவர்கள், முதல் தடவை அழாதவள் இப்போது ஏன் இப்படி அழுகிறாள் என்று கேட்டார்கள். "அப்ப யாருக்கு அழுகிறதுன்னு தெரியல. இப்பத் தெரியுது" என்றாள். மாரீஸ்வரி ஸ்டூலைவிட்டு இறங்கி வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிடா வந்து போஸ்டரை ஒரு மூலையில் பிடித்து இழுத்தது, யாரும் விரட்டவில்லை.

கனி அண்ணாச்சி கடையில் வெள்ளைத் தாளெல்லாம் கறுத்துப் பழையபடி ஆடும் கடலுமாக ஆகிவிட்டது, மறுமாதம் வந்த அதிகாரி கடுமையாகக் கோபித்துக்கொண்டார். டியூஷன் பிள்ளைகளின் கணக்குகளுக்கு நடுவில் உப்பழகி பறந்தாள், எந்தப் பிள்ளையும் கணக்கைப் பார்க்கவில்லை. ஆட்டுக்கு அடிபட்டது நடு முதுகில் என்று தெரியவந்து இரண்டு கோஷ்டியும் சமாதானமாகப் போயின.

மாரீஸ்வரி ஆப்செட்டுக்குள் நுழையுமுன் போர்டை முழுதாகப் படித்தாள். உள்ளே போய், பையிலிருந்து அந்தக் கடைசிப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வாய் மூடத் தொடங்குகிற வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, தொடரும் என்று போட்டிருந்த இடத்தில் இப்போது வேறொன்று அச்சாகியிருந்தது.

ப்புறம்?

மாரீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது, அது டைப் அடிக்கிற யாருக்கும் தெரியும், முன்னால் ஒரு உயிர் வேண்டும். அந்த உயிர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது.

"மாரீசு, கல்யாணப் பத்திரிகை என்னாச்சு? ஆளு வந்து நிக்காங்க" என்று உள்ளேயிருந்து ஜெபராஜ் சத்தம் போட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டை முன்னால் இழுத்தாள். "இருங்கண்ணே" என்றாள், "இங்க ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, போட்டுட்டு வாரேன்."